ஊர் விட்டு வந்தோம்: ஏன் வந்தோம்? என்ன ஆனோம்?

(மும்பையில் நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை. வர இயலாத தோழர்கள் கேட்டுக்கொண்டபடி இங்கே எழுத்து வடிவில் தருகிறோம்.)



வாரத்தில் ஒரு நாள்தான் நமக்கு ஓய்வு. அந்த ஒரு நாளிலும் தண்ணீர் பிடிக்க வேண்டும், துணி துவைக்க வேண்டும், ஊருக்குப் பேச வேண்டும். அத்தனையையும் ஒதுக்கிவிட்டு வந்திருக்கிறீர்கள். ஆகவே சுற்றி வளைக்காமல் பொருளுக்கு வருகிறோம்.

நம்மைப் பார்த்து இரண்டு கேள்விகள் கேட்கப்படுகின்றன. இங்கே இருப்பவர்கள் 'ஏன் வந்தாய்?' என்று கேட்கிறார்கள். ஊரில் இருப்பவர்கள் 'ஏன் போனாய்?' என்று கேட்கிறார்கள். முதல் கேள்வியில் கோபம் இருக்கிறது. இரண்டாவதில் குத்தல் இருக்கிறது. பதில் சொல்லத் தெரியாமல் நம் பிள்ளைகள் இரண்டு இடத்திலும் தலைகுனிகிறார்கள். தலைகுனிய ஒன்றுமில்லை என்பதை எடுத்துச் சொல்லவே இன்று கூடியிருக்கிறோம்.

சேலத்தில் இருந்து வந்த ஒருவர்

முதலில் ஒரு வழக்கைச் சொல்கிறோம். இது நாம் கட்டிய கதை அல்ல. உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே எழுதப்பட்டிருப்பது.

சேலத்தைச் சேர்ந்த, நிலமில்லாத விவசாயத் தொழிலாளி ஒருவர். மழை பொய்த்தது, வேலை போனது. 1961-இல் பம்பாய்க்கு வந்தார். தகிசர் பகுதியில் ஒரு இரசாயனத் தொழிற்சாலையில் நாள் கூலிக்கு வேலை கிடைத்தது. நெடுஞ்சாலை ஓரத்தில் பிளாஸ்டிக்கும் கித்தானும் போர்த்திய ஒரு குடிசை. சும்மா கிடைத்ததா? இல்லை. பேட்டை ரவுடி ஒருவனுக்கு 2,500 ரூபாய் கொடுத்த பிறகே அந்த நடைபாதை கிடைத்தது. தீர்ப்பு சொல்லும் அவருடைய கூலி நாளொன்றுக்கு 23 ரூபாய். கணக்குப் போட்டுப் பாருங்கள்: நூறு நாளுக்கு மேற்பட்ட கூலி, ஒரு துண்டு நடைபாதைக்கு!

1981 ஜூலையில், நடைபாதையில் குடியிருப்பவர்களை அப்புறப்படுத்தி அவரவர் ஊருக்கே திருப்பி அனுப்புவோம் என்று மராட்டிய அரசு அறிவித்தது. கொட்டும் மழைக்காலம். சேலத்துக்காரரின் குடிசை இடிக்கப்பட்டது. அவரையும் மனைவியையும் மூன்று பெண்களையும் சேலத்துக்குப் பேருந்தில் ஏற்றினார்கள். மனைவியும் பெண்களும் சேலத்தில் தங்கிவிட்டார்கள். அவரோ? வேலை தேடி மறுபடியும் பம்பாய்க்கே வந்தார். மறுபடியும் நடைபாதையில் குடியேறினார்.

இந்த மனிதரைப் போன்றவர்களுக்காக நடந்த வழக்கில் 1985 ஜூலை 10 அன்று ஐந்து நீதிபதிகள் தீர்ப்புச் சொன்னார்கள். உயிர் வாழும் உரிமை என்றால் அதற்குள் பிழைப்புக்கான உரிமையும் அடங்கும் என்றார்கள். பெரிய சொல். இந்திய ஏழைகள் அனைவருக்கும் பயன்பட்ட சொல். ஆனால் அதே தீர்ப்பு, நடைபாதையில் குடியிருக்க எவருக்கும் உரிமை இல்லை என்றும் சொன்னது. மழைக்காலம் முடிந்து அக்டோபர் 31 வரை பொறுத்திருந்து பிறகு அப்புறப்படுத்தலாம் என்றது. 1976-இல் கணக்கெடுத்து அடையாள அட்டை கொடுக்கப்பட்டவர்களுக்கு மட்டும் மாற்றிடம் தர வேண்டும் என்றது. அட்டை இருந்தவன் மனிதன், இல்லாதவன் தடை! இந்த அட்டை விஷயத்துக்குப் பின்னால் வருவோம்.

துரத்துவது எது?

சேலத்துக்காரரைத் துரத்தியது வறட்சி என்று தீர்ப்பு சொல்கிறது. நாம் இன்னும் ஒரு படி ஆழமாகப் பார்க்க வேண்டும். மழை பொய்த்தால் ஊருக்கெல்லாம்தானே பொய்க்கும்? பண்ணையார் ஏன் பம்பாய்க்கு வரவில்லை? நூறு ஏக்கர் வைத்திருந்தவர் ஏன் நடைபாதையில் படுக்கவில்லை? வானம் எல்லோருக்கும் பொதுவாகக் காய்கிறது. நிலமில்லாதவனை மட்டும் அது ரயிலேற்றுகிறது. ஆகவே நம்மைத் துரத்தியது வானம் மட்டுமல்ல. நிலம் யார் கையில் இருந்தது என்பதும்தான்.

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பஞ்சத்தைத் தாது வருடப் பஞ்சம் என்று நம் பாட்டன்மார் சொல்வார்கள். இலட்சக்கணக்கில் மக்கள் மடிந்தார்கள். அந்த நாட்களிலும் துறைமுகங்களிலிருந்து தானியம் கப்பலேறிக்கொண்டுதான் இருந்தது. தானியம் இருந்தது; வாங்கக் காசு இல்லை. இலங்கைக்கும் மலேயாவுக்கும் பர்மாவுக்கும் கூட்டம் கூட்டமாகப் போனவர்களும், கோலாருக்கும் பம்பாய்க்கும் வந்தவர்களும் இந்த வயிற்றுப் பள்ளத்திலிருந்து எழுந்து நடந்தவர்களே.

இன்னொரு துரத்தலும் உண்டு. அதை நம்மில் பலர் வாய்விட்டுச் சொல்வதில்லை. சேரித் தெருவில் பிறந்தவனுக்கு ஊர்க் கிணறு இல்லை. டீக்கடையில் தனிக் குவளை. காலில் செருப்பு போட்டால் குற்றம். கூலி பேசினால் அதைவிடப் பெரிய குற்றம். அண்ணல் அம்பேத்கர் 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில், இந்தியக் கிராமத்தைப் பொற்காலமாகப் போற்றியவர்களைக் கடுமையாகச் சாடினார். அவர் ஏன் சாடினார் என்பது நமக்குப் புத்தகம் படித்துத் தெரிய வேண்டியதில்லை. தாராவியில் தோல் அடித்தவனும், சுரங்கத்தில் இறங்கியவனும் காசுக்காக மட்டும் வரவில்லை. 'அடே' என்று கூப்பிடுகிறவன் கண்ணில் படாத ஓர் ஊர் வேண்டும் என்றும்தான் வந்தான்.

அழைப்பது எது?

துரத்துவது ஒரு பாதி. மறு பாதி, அழைப்பது. நம்மை 'வந்தேறி' என்று ஏசுகிறவர்கள் இந்தப் பாதியை மறைத்துவிடுகிறார்கள். அழைப்பில்லாமல் எந்தக் கூட்டமும் ஆயிரம் மைல் நடந்ததில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில், நாற்றம் பிடித்த தொழில் என்று தோல் பதனிடும் தொழிலைப் பம்பாய் நகரத்துக்கு வெளியே தள்ளினார்கள். தள்ளிய இடம் மாகிம் கழியை ஒட்டிய சதுப்பு. அங்கே மீன் பிடித்து வாழ்ந்த கோலி மக்களும், குஜராத்திலிருந்து வந்து சக்கரம் சுழற்றிய குயவர்களும் இருந்தார்கள். தோல் தொழிலுக்கு ஆள் வேண்டும். மற்றவர் தொடக் கூசும் வேலை அது. நெல்லைச் சீமையிலிருந்தும் தமிழகத்தின் பிற பகுதிகளிலிருந்தும் ஆள் வந்தார்கள். குப்பையும் மண்ணும் கொட்டிச் சதுப்பை மேடாக்கி, அதன் மேல் குடிசை போட்டார்கள். இன்று அந்த நிலத்தின் விலையைப் பார்த்து வாய் பிளக்கிறார்கள். சேறாக இருந்ததை நிலமாக்கியது யார் என்று எந்தப் பத்திரத்தில் எழுதியிருக்கிறது?

கோலார் தங்கவயலைப் பாருங்கள். 1880-களில் ஆங்கிலேயக் கம்பெனி சுரங்கம் தோண்டத் தொடங்கியது. வட ஆற்காடு, சித்தூர், சேலம் பகுதிகளிலிருந்து நம் மக்கள் இறங்கினார்கள். மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம். கீழே அனல், மேலே எந்த நேரத்தில் பாறை வெடித்து விழுமோ என்ற அச்சம், நுரையீரலில் கல்தூசி. 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து 147 கிலோமீட்டர் கம்பி இழுத்து மின்சாரம் கொண்டுவந்தார்கள். எதற்கு? தொழிலாளி லைனில் விளக்கெரிக்கவா? சுரங்கப் பொறிகளை ஓட்ட! 1930-இல் தொழிலாளரின் கைரேகையைக் கட்டாயமாகப் பதிய வேண்டும் என்றபோது, 'நாங்கள் குற்றவாளிகளா?' என்று கேட்டு மூன்று வாரம் வேலைநிறுத்தம் செய்த மானமுள்ள தொழிலாளர்கள் அவர்கள்.

2001 பிப்ரவரி 28-ஆம் நாள் அந்தச் சுரங்கம் மூடப்பட்டது. தங்கம் போன இடம் நமக்குத் தெரியாது. மிஞ்சியது என்ன தெரியுமா? சயனைடு கலந்த மண்மேடுகளும், லைன் வீடுகளும், இருமலும்தான். அந்தத் தொழிலாளர்களின் பிள்ளைகள் விடியற்காலை ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போய் இரவில் திரும்புகிறார்கள். பாட்டன் ஆற்காட்டிலிருந்து வந்தான். பேரன் தினமும் புலம்பெயர்கிறான்! மூலதனம் வரும்போது ஆளை அழைத்துக்கொண்டு வருகிறது. போகும்போது சொல்லாமல் போய்விடுகிறது.

மூணாறு மலையிலும் இதே பாடம்தான். தேயிலைக் காட்டில் தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து கிள்ளும் தமிழ்க் குடும்பத்துக்குக் குடியிருக்கும் லயம் சொந்தமில்லை. வேலை இருக்கும்வரைதான் வீடு. 2015 செப்டம்பரில் போனஸ் குறைப்பை எதிர்த்துப் பெண் தொழிலாளர்கள் தாங்களே திரண்டு, தொழிற்சங்கத் தலைவர்களையும் ஒதுங்கி நிற்கச் சொல்லி, போராடி வென்றார்கள். ஐந்தாண்டு கழித்து, 2020 ஆகஸ்டு 6 இரவில், பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களின் மேல் விழுந்தது. 70 பேர் மாண்டார்கள். சொந்த வீடு கட்ட ஒரு சென்ட் நிலம் இல்லாததால், மலை எங்கே சரியுமோ அங்கேயே படுத்திருந்தவர்கள் அவர்கள்.

தாய்மார்கள் கணக்கில் இல்லையா?

2011 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் பிறந்த இடத்தையோ முன்பிருந்த இடத்தையோ விட்டு வாழ்பவர்கள் ஏறக்குறைய 45 கோடிப் பேர். மாநிலம் விட்டு மாநிலம் போனவர்கள் மட்டும் 5 கோடிக்கு மேல். 2021-இல் எடுக்க வேண்டிய கணக்கை அந்த ஆண்டில் எடுக்கவில்லை. பழைய கணக்கை வைத்தே பேச வேண்டியிருக்கிறது.

இந்தக் கணக்கில் ஒரு வேடிக்கை உண்டு. பெண்கள் ஏன் இடம் பெயர்ந்தார்கள் என்று கேட்டால், பெரும்பாலோர்க்கு 'திருமணம்' என்று எழுதியிருக்கிறது. கணக்கெடுப்பவர் ஒரே ஒரு காரணத்தைத்தான் எழுதிக்கொள்வார். அம்பாசமுத்திரத்திலிருந்து மாலையோடு வந்து தாராவியில் இறங்கிய பெண், மறுமாதமே விடியுமுன் எழுந்து மாவாட்டி இட்லி அவிக்கத் தொடங்குகிறாள். அந்த இட்லியைத்தான் நம் தம்பிமார் சைக்கிளில் கட்டிக்கொண்டு நகரமெங்கும் விற்கிறார்கள். இன்னொருத்தி நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறாள். மற்றொருத்தி தோல் பைக்கு வார் தைக்கிறாள். அரசின் ஏட்டில் இவர்கள் எல்லோரும் 'கல்யாணமாகி வந்தவர்கள்'. தொழிலாளி என்ற பெயரும் இல்லை. கோலியின் தாளிலும் பெயர் இல்லை.

நம் சங்கத்திலும் என்ன நிலை? முன்வரிசையில் அண்ணாச்சிகள், பின்வரிசையில் தாய்மார்கள், கணவன் இறந்த மறுநாள்தான் 'அக்கா, உங்கள் பெயரில் ஏதாவது காகிதம் இருக்கிறதா?' என்று கேட்கிறோம். அதை இன்றே கேட்க வேண்டும்.

ஊருக்கு என்ன கிடைத்தது?

நாம் வந்ததால் ஊர் என்ன பெற்றது? முதலில் மணியார்டர். பிறகு வங்கி. இப்போது கைப்பேசியில் அனுப்புகிறோம். ஓலைக்கூரை காரையானது, தங்கைக்குக் கல்யாணம் ஆனது, அம்மன் கோவிலுக்குக் கொடை நடந்தது, அடகு வைத்த காணி மீண்டது. பணம் மட்டுமா போனது? மரியாதையும் போனது. பம்பாயிலிருந்து சட்டையும் செருப்பும் போட்டு இறங்கியவனைப் பார்த்து, பண்ணையில் இருந்த பையனும் நிமிர்ந்து நின்றான். வெளியூரில் வேலை உண்டு என்பது தெரிந்துவிட்டால் உள்ளூரில் கூலி பேசலாம் அல்லவா?

சிந்தனையும் போனது. பண்டித அயோத்திதாசர் 1907-இல் சென்னையில் தொடங்கிய 'தமிழன்' இதழுக்குத் தங்கவயல் தொழிலாளர்கள் பெருந்துணையாக இருந்தார்கள். 1914-இல் அவர் மறைந்த பிறகு, ஜி. அப்பாதுரையார் ஆசிரியராக இருந்து 1920-களில் அந்த இதழ் தங்கவயலிலிருந்தே வெளிவந்தது. அவருடைய நூல்கள் அங்கே அச்சேறின. சுரங்கத்தில் இறங்கி ஏறிய கைகள் பத்திரிகைக்குச் சந்தா கட்டின! தாய்நாட்டில் பேச முடியாததை வெளியூரில் அச்சடித்துத் தாய்நாட்டுக்கே அனுப்பினார்கள். இன்று நீங்கள் கையில் வைத்திருக்கும் இந்தத் திங்களிதழும் அந்த வழியில் வந்ததுதான்.

இழப்பும் உண்டு, மறைக்க வேண்டாம். ஊரில் கிழவனும் கிழவியும் தனியே. கட்டிய வீட்டில் குடியிருக்க ஆளில்லை. இளைஞரெல்லாம் வெளியேறியதால், நிலம் கேட்டும் கூலி கேட்டும் போராட வேண்டிய ஊரில் போராட ஆளில்லை. துன்பத்தைத் தீர்க்காமல் ஆளை மட்டும் ரயிலேற்றிவிட்டு அரசுகள் நிம்மதியாக உட்கார்ந்திருக்க நம் பயணம் உதவியது என்பதும் உண்மை.

மண்ணின் மைந்தர் என்னும் பேச்சு

இந்த நகரம் நம்மை எப்படி ஏற்றது? 1966 ஜூன் 19-இல் இங்கே ஒரு கட்சி பிறந்தது. வேலையையெல்லாம் தென்னிந்தியர் பறித்துக்கொண்டார்கள் என்பதே அதன் முதல் முழக்கம். வேட்டி கட்டியவன் அடிபட்டான், ஓட்டல்கள் நொறுங்கின. சரி, நாம் பறித்தோம் என்றே வைத்துக்கொள்வோம். பிறகு என்ன நடந்தது?

1982 ஜனவரி 18 அன்று பம்பாய்ப் பஞ்சாலைத் தொழிலாளர் இரண்டரை இலட்சம் பேர் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அவர்களில் பெரும்பாலோர் மராத்தியர். கொங்கணத்திலிருந்தும் சாத்தாராவிலிருந்தும் நம்மைப் போலவே பிழைப்புத் தேடி வந்தவர்கள், நம்மைப் போலவே மணியார்டர் அனுப்பியவர்கள். ஆண்டுக்கணக்கில் பட்டினி கிடந்தும் தோற்றார்கள். ஆலைகள் ஒவ்வொன்றாய் மூடின. ஆலை நின்ற நிலத்தில் இன்று வானளாவிய மாடி வீடுகளும் அங்காடிகளும் நிற்கின்றன. அந்த வேலைகளைப் பறித்தவன் தமிழனா? அந்த வீடுகளில் குடியிருப்பவன் தாராவிக்காரனா?

வேலை குறையக் குறைய, காரணமானவனைத் தொட முடியாதவர்கள் பக்கத்துக் குடிசைக்காரனைத் தொடுகிறார்கள். 1966-இல் தென்னிந்தியன், 2008-இல் பீகாரி, உத்தரப் பிரதேசத்துக்காரன். ஆள் மாறுகிறான், அடி மாறவில்லை. பெங்களூரில் 1991 டிசம்பரில் காவிரியின் பெயரால் நம் குடிசைகள் எரிந்தன. குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் எல்லை தாண்டி ஓடின. 2016 செப்டம்பரிலும் பேருந்துகள் எரிந்தன. இந்திய அரசியல் சட்டத்தின் 19-ஆம் பிரிவு, நாட்டில் எங்கும் சென்று குடியேறும் உரிமையை ஒவ்வொரு குடிமகனுக்கும் தந்திருக்கிறது. ஏட்டில் இருக்கும் அந்த உரிமை, கலவரத்தன்று கதவைத் தட்டும் கும்பலை நிறுத்தவில்லை. பல இடங்களில் நிறுத்தியவர் யார்? 'இது என் பக்கத்து வீடு' என்று வாசலில் நின்ற கன்னடக்காரரும் மராத்தியரும்தான். அந்த உறவைப் பெருக்குவது வீரமில்லாத வேலை அல்ல. அதுவே நமக்கு அரண்.

தேதிகளின் ஆட்சி

அடி, தீ இவற்றைவிட அமைதியாக நம்மைத் துரத்துவது ஒன்று உண்டு. அதுதான் தேதி. குடியேறும் உரிமைக்குச் சட்டத்தில் தேதி கிடையாது. ஆனால் குடியேறிய பிறகு கிடைக்க வேண்டிய ஒவ்வொன்றுக்கும் ஒரு தேதி வைத்திருக்கிறார்கள்.

முதல் தேதி 1950 ஆகஸ்டு 10. பட்டியல் சாதியார் யார் என்று ஆணை வெளியான நாள். அந்த நாளில் உன் அப்பனோ பாட்டனோ இந்த மாநிலத்தில் இருந்தார் என்று காட்டினால் இங்கே சாதிச் சான்று, இல்லாவிட்டால் இல்லை. 1990-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது, 2018 ஆகஸ்டு 30-இல் ஐந்து நீதிபதிகள் உறுதி செய்தது இதுதான்: ஒரு மாநிலத்தின் பட்டியல் சாதியார், வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால், அந்த மாநில வேலையில் ஒதுக்கீடு கேட்க முடியாது. ஒவ்வொரு மாநிலத்திலும் ஒரு சாதியின் நிலை வேறு என்பது அவர்கள் சொல்லும் நியாயம். அந்த நியாயத்தை நாம் மதிக்கிறோம். ஆனால் ஒன்று கேட்கிறோம். சாக்கடையில் இறங்க ஆள் தேடும்போது மட்டும் இந்த நகரம் எந்த மாநிலத்துச் சாதி என்று பார்ப்பதில்லையே! இழிவு ரயிலேறி வருகிறது. ஒதுக்கீடு மட்டும் அரக்கோணத்திலேயே இறங்கிவிடுகிறது.

இரண்டாவது, குடிசைக்கான தேதி. 1976 கணக்கில் அட்டை பெற்றவர் என்றார்கள். பிறகு 1995 ஜனவரி 1 என்றார்கள். பிறகு 2000 ஜனவரி 1. இன்றைய தாராவித் திட்டத்தில், 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்து தரைத்தளத்தில் குடியிருப்பவர்க்குத் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி இலவச வீடு. அதற்குப் பின் 2011 வரை வந்தவர்க்குத் தாராவிக்கு வெளியே, இரண்டரை இலட்சம் ரூபாய் கட்டினால் வீடு. அதன் பின் வந்தவர்க்கும், மாடியில் குடியிருப்பவர்க்கும் வெளியே வாடகை வீட்டுத் திட்டம். ஒரே சந்தில், ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்கும் அண்ணன் தம்பியரை ஒரு தேதி பிரிக்கிறது. கீழே இருப்பவர் தகுதி உள்ளவர்; ஏணி ஏறி மேலே இருப்பவர் தகுதியற்றவர். மாடியில் இருப்பவர் யார்? கடைசியாக வந்த ஏழை. நேற்று கீழே இருப்பவருக்கும் அதே நிலைதான் இருந்தது.

மூன்றாவது, வாக்காளர் பட்டியல். 2025-இல் பீகாரில் நடந்த தீவிரத் திருத்தத்தில் வரைவுப் பட்டியலிலிருந்து ஏறக்குறைய 65 இலட்சம் பெயர்கள் நீங்கின. இறந்தவர், இரட்டைப் பதிவு என்பவற்றோடு, 'ஊரை விட்டுப் போனவர்' என்பதும் பெரிய காரணம். பின்னர் தமிழ்நாட்டிலும் அதே திருத்தம் வந்தது. ஊரில் 'போய்விட்டான்' என்று அடிக்கிறார்கள். இங்கே 'வந்தவன்' என்று சேர்க்கத் தயங்குகிறார்கள். இரண்டு ஊர் இருந்தும் ஓட்டு இல்லாதவன் ஆகிறோம்.

இதன் விளைவை 2020-இல் நாடே பார்த்தது. மார்ச் 24 இரவு எட்டு மணிக்கு அறிவித்து, நள்ளிரவிலிருந்து நாட்டைப் பூட்டினார்கள். நான்கு மணி நேரம்! கூலியும் நின்றது, ரயிலும் நின்றது. மக்கள் நடந்தார்கள். மே 8 விடியலில் அவுரங்காபாத் அருகே தண்டவாளத்தில் அசந்து தூங்கிய 16 தொழிலாளர் மீது சரக்கு ரயில் ஏறியது. அந்தச் செப்டம்பரில் நாடாளுமன்றத்தில் கேட்டபோது, வழியில் மாண்ட தொழிலாளர் பற்றிய கணக்கு இல்லை என்று அரசு சொன்னது. 1979-இலேயே மாநிலம் கடந்த தொழிலாளர்க்கென்று தனிச் சட்டம் இருந்தது; அதன்படி பதிவேடு ஒழுங்காக இருந்திருந்தால் கணக்கு இருந்திருக்கும். அந்தச் சட்டமும் இப்போது புதிய தொழிலாளர் தொகுப்புக்குள் கரைந்துவிட்டது.

நம் வாசலில் நிற்பவர்

தோழர்களே, இப்போது கசப்பான ஒன்று சொல்ல வேண்டும். இன்று திருப்பூர்ப் பனியன் கம்பெனியிலும், சென்னைக் கட்டடங்களிலும், கொங்கு நாட்டு ஆலைகளிலும் பீகார், ஒரிசா, ஜார்க்கண்டு, வங்கத்துத் தொழிலாளர் வேலை செய்கிறார்கள். நாம் 1961-இல் ஏறிய ரயிலில் அவர்கள் எதிர்த்திசையில் ஏறி வந்திருக்கிறார்கள். நம் ஊர்ப் பெரியவர்கள் என்ன பேசுகிறார்கள்? 'வடக்கன் வந்து கூலியைக் கெடுத்துவிட்டான்' என்கிறார்கள். இந்த வாக்கியத்தை நாம் எங்கே கேட்டோம்? இதே நகரத்தில், நம்மைப் பற்றி, வேறு மொழியில்!

2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகாரிகள் தாக்கப்படுகிறார்கள் என்று பொய்ப் படங்கள் பரவின. அஞ்சிய தொழிலாளர் ரயில் நிலையங்களில் குவிந்தார்கள். செய்தி பொய், அச்சம் பொய்யல்ல. மொழி தெரியாத ஊரில் ஒரு வதந்தி என்ன செய்யும் என்று நம்மைவிட யாருக்குத் தெரியும்? கூலியைக் கெடுப்பவன் குறைந்த கூலிக்கு வருபவன் அல்ல. குறைந்த கூலி கொடுப்பவன். புதிதாக வந்தவனைச் சங்கத்தில் சேர்த்து ஒரே கூலி கேட்டால் இருவரும் பிழைப்போம். அவனை விரட்டினால் முதலாளி இன்னும் ஏழையான ஒருவனை வேறெங்காவது தேடிப் பிடிப்பான்.

செய்ய வேண்டியவை

பேச்சோடு கலைந்தால் பயனில்லை. சில காரியங்களை இந்த மாதமே தொடங்குவோம்.

ஒன்று, காகிதம். பழைய ரேஷன் கார்டு, போட்டோ பாஸ், மின் கட்டண ரசீது, பள்ளிச் சான்று, தாத்தாவின் ஆலை அல்லது துறைமுக வேலைச் சீட்டு, எதையும் எறியாதீர்கள். 1950-க்கு முந்திய ஒரு பள்ளிப் பதிவு ஒரு பேரனின் படிப்பையே மாற்றும். தமிழ்நாட்டில் உரிமையுள்ளவர்கள் அங்கே சாதிச் சான்றைக் காலத்தோடு வாங்கி வையுங்கள்.

இரண்டு, பெண்களின் பெயர். வீட்டுக் காகிதம், வங்கிக் கணக்கு, சங்க உறுப்பினர் ஏடு, மூன்றிலும் வீட்டுப் பெண்ணின் பெயர் ஏற வேண்டும்.

மூன்று, வாக்கு. எங்கே வாழ்கிறோமோ அங்கே ஓர் இடத்தில் பதிவோம். ஊரில் ஒன்று இங்கே ஒன்று என்று வைத்திருந்து இரண்டையும் இழக்க வேண்டாம்.

நான்கு, வீட்டுத் திட்டம். கீழ்த்தளத்தார் தனி, மாடியார் தனி என்று பிரியாமல் ஒரே மனுவாகக் கொடுப்போம். மனுவில் குயவர் தெருவும் கோலிவாடாவும் உத்தரப் பிரதேசத்துத் தையல்காரரும் கையெழுத்திட வேண்டும். தமிழர் மனு என்று தனியே போனால் ஓர் அலமாரியில் தனியே தூங்கும்.

ஐந்து, மொழி. மாநகராட்சித் தமிழ்ப் பள்ளிகளில் பிள்ளைகள் குறைந்து வருகிறார்கள். பிள்ளை ஆங்கிலம் படிக்கட்டும், மராத்தி பேசட்டும், வேண்டியதுதான். ஞாயிறு மாலை ஒரு மணி நேரம் நம் சங்க அறையில் தமிழ் எழுதவும் படிக்கவும் கற்றுக்கொள்ளட்டும். மராத்தி தெரிந்தால் தெருவில் அச்சமில்லை. தமிழ் தெரிந்தால் பாட்டியின் கடிதத்துக்குப் பதில் எழுதலாம்.

இனி யாரேனும் 'ஏன் வந்தாய்?' என்று கேட்டால், 'நிலம் தராத ஊரிலிருந்து, ஆள் வேண்டும் என்ற ஊருக்கு வந்தோம், வேலை செய்தோம், இந்தச் சேற்றை நிலமாக்கினோம்' என்று நிமிர்ந்து சொல்லுங்கள். அடுத்த ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு, காகிதங்களைச் சரிபார்க்க நம் தோழர்கள் சங்க அறையில் இருப்பார்கள். பெட்டியைத் திறந்து உள்ளதையெல்லாம் எடுத்து வாருங்கள். மாடி வீட்டுக்காரரையும் கையோடு அழைத்து வாருங்கள்.